மசாஜ் மெனு கார்டை மடிச்சு வைங்க, முதல்ல காலைப் பாருங்க

1/
தென்னூர் ஹை ரோட்டுல இருந்து தில்லை நகர் பக்கம் திரும்பினா எத்தனை போர்டு! ஸ்வீடிஷ், டீப் டிஷ்யூ, தாய், பாலினீஸ், அப்யங்கம், ஃபுட் ரிஃப்ளெக்ஸாலஜி. நேத்து ஒரு தம்பி அப்படி ஒரு மெனு கார்டையே போட்டோ எடுத்து இன்பாக்ஸ்ல அனுப்பி, "டாக்டர், எனக்கு முதுகு வலி, இதுல எது செட் ஆகும்?"னு கேட்டார். பதில் சொல்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் கோபப்பட்டுக்கறேன். நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/
நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். எந்த வகை மசாஜ்ங்கறது ரெண்டாவது கேள்வி. இந்த உடம்புல, இந்த இடத்துல, இன்னிக்குக் கை வைக்கலாமாங்கறதுதான் முதல் கேள்வி. அந்த முதல் கேள்வியை ஸ்பாக்காரங்க கேக்கறதில்ல. சுளுக்கு எடுக்கறவங்கள்ல பாதி பேர் கேக்கறதில்ல. வீட்டுப் பெரியவங்க கேக்கறதில்ல. கேக்க வேண்டிய டாக்டரும் பல நேரம் கேக்கறதில்ல. அந்தக் கடைசி லிஸ்ட்ல நானும் இருக்கேன்.

3/
சில வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். சிசேரியன் ஆகி 12 நாள் ஆன பொண்ணு. தையலைக் காட்ட வந்தாங்க, கூட அவங்க அம்மா. தையல் நல்லா ஆறியிருந்துச்சு. எழுந்து போகும்போது அந்தப் பொண்ணு சொன்னாங்க: "சார், இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது." வெளியில நூத்துச் சொச்சம் டோக்கன். நான் தலையை நிமிர்த்தாமலே கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தேன். காலைத் தொடல. பார்க்கக்கூட இல்ல.

4/
அவங்க அம்மா என்ன பண்ணுவாங்க? டாக்டரே ஒண்ணும் சொல்லல, அப்ப சுளுக்காத்தான் இருக்கும்னு நினைச்சாங்க. பச்சை உடம்புக்காரிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்ட வர்ற பாட்டிகிட்ட சொன்னாங்க. நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, கணுக்கால்ல இருந்து மேல் நோக்கி அழுத்தி அழுத்தி மூணு நாள் நீவினாங்க. மூணாம் நாள் சாயங்காலம் அந்தப் பொண்ணு கழிவறைக்கு எழுந்து போனவங்க மூச்சு வாங்கி மயங்கி விழுந்தாங்க. 108-ல வந்தாங்க. அன்னிக்கு டியூட்டியில நான் இருந்தேன்.

5/
காலோட ஆழத்துல ஓடுற ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியிருந்துச்சு. இதுக்குப் பேரு டீப் வெய்ன் த்ராம்போசிஸ், சுருக்கமா டி.வி.டி. (படம் பார்க்கற டி.வி.டி. இல்ல.) அந்தக் கட்டியில ஒரு துண்டு உடைஞ்சா, தொடை வழியா வயித்துக்கு ஏறி, இதயத்தோட வலது பக்கம் நுழைஞ்சு, நேரா நுரையீரல் குழாயை அடைக்கும். பெரிய துண்டா இருந்தா நிமிஷக் கணக்குல உயிர் போகும்.

6/
அந்தப் பொண்ணு பிழைச்சாங்க. ஐ.சி.யூ., ஹெப்பாரின், அப்புறம் பல மாசம் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை. கைக்குழந்தை பத்து நாள் பாட்டிகிட்ட. டிஸ்சார்ஜ் அன்னிக்கு அவங்க அம்மா என்கிட்ட சண்டை போடல. "தம்பி, நான்தான் நீவச் சொன்னேன், என் தப்புதான்"னு அழுதாங்க. நான் சொன்னேன்: "இல்லம்மா. நீங்க என்கிட்டதான முதல்ல வந்தீங்க."

7/
நேர்மையா ஒண்ணு சொல்லணும். நீவாம விட்டிருந்தாலும் அந்தக் கட்டி நகர்ந்திருக்கலாம், டி.வி.டி.யோட குணமே அதுதான். ஆனா கட்டி இருக்கற காலை அழுத்தி நீவறது, நகராத கட்டியையும் நகர்த்தற வேலை. அதனாலதான் சந்தேகம் இருக்கற காலை நாங்க பிசைய மாட்டோம். மெதுவா தொட்டுப் பார்த்து, அளந்து, டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்புவோம். அன்னிக்கு நான் செஞ்சிருக்க வேண்டியது ரெண்டு நிமிஷ வேலை.

8/
"எங்கயோ ஒண்ணு நடந்திருக்கும் டாக்டர், அதை வச்சு பயமுறுத்தாதீங்க"ன்னு சொல்வீங்க. டெல்லியில 2016-ல நடந்தது தெரியுமா? 23 வயசுப் பையன். பேட்மிண்டன் ஆடும்போது கணுக்கால்ல அடி. மாவுக்கட்டு போட்டுப் பிரிச்ச பிறகும் கால்ல வலி. பெத்த அம்மா பாசமா எண்ணெய் தேய்ச்சு விட்டாங்க. பையன் மூச்சுத் திணறி விழுந்தான். எய்ம்ஸ்ல பிரேதப் பரிசோதனை பண்ணப்ப நுரையீரல் குழாய்ல கட்டி. 2017-ல மருத்துவ இதழ்ல வந்து, பத்திரிகைகள்லயும் வந்த கேஸ் அது.

9/
அந்த அம்மாவுக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தரல. மாவுக்கட்டு பிரிக்கறப்ப "ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, சூடா இருந்தாலோ நீவாதீங்க, உடனே வாங்க"ன்னு ஒரே ஒரு வரி சொல்லியிருந்தா போதும். நம்ம ஊர்லயும் தினம் எத்தனையோ மாவுக்கட்டு பிரிக்கறாங்க. எத்தனை பேர்கிட்ட அந்த வரி போய்ச் சேருது? டாக்டர் நண்பர்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

10/
இப்ப வீட்டுல எப்படிப் பாக்கறது? ரெண்டு காலையும் நீட்டி வைங்க. முழங்காலுக்குக் கீழ முன்னெலும்புல ஒரு மேடு தட்டுப்படும். அதுல இருந்து ஏறக்குறைய 10 செ.மீ. கீழ, தையக்கார டேப்பால ரெண்டு கெண்டைக்காலையும் சுத்தி அளங்க. 3 செ.மீ.க்கு மேல வித்தியாசம், ஒரு கால் மட்டும் சூடு, சிவப்பு, வலி இருந்தா நீவக் கூடாது, அன்னிக்கே ஆஸ்பத்திரி. வித்தியாசம் இல்லைன்னாலும் டி.வி.டி. இல்லைன்னு அர்த்தமில்ல. சந்தேகம்னா வாங்க.

11/
யாருக்கு வாய்ப்பு அதிகம்? கர்ப்பிணிகள். பிரசவம் ஆகி ஆறு வாரத்துக்குள்ள இருக்கறவங்க, அதுலயும் சிசேரியன். ஆபரேஷன் ஆனவங்க. மாவுக்கட்டு போட்டவங்க. படுத்த படுக்கையா இருக்கறவங்க. புற்றுநோய்க்காரங்க. கருத்தடை மாத்திரை சாப்பிடறவங்க. ஏற்கெனவே ஒரு தடவை வந்தவங்க. மணிக்கணக்கா காலை மடக்கி உக்காந்து பயணம் பண்றவங்க. இந்த லிஸ்ட்ல இருக்கறவங்களுக்குத்தான் நம்ம வீட்டுல "பாவம், காலை அமுக்கி விடுங்க"ன்னு சொல்லுவோம்.

12/
இப்ப ஸ்பா விஷயத்துக்கு வர்றேன். மசாஜ்னாலே தப்பான இடம்னு நான் சொல்லல. அந்தப் பார்வையே எனக்குப் பிடிக்காது. ஸ்பாக்கள்ல கேமரா வைக்கணும்னு 2021 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றத்துல ஒரு உத்தரவு வந்துச்சு. அடுத்த மாசமே, 2022 ஜனவரியில, நம்ம திருச்சி ஸ்பா ஒண்ணு தொடர்பான வழக்குல மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், உள்ள கேமரா வைக்கறது அந்தரங்க உரிமையை மீறும்னு தீர்ப்பு சொன்னார்.

13/
அந்தரங்கம் பத்தின அந்தத் தீர்ப்பு எனக்குச் சரின்னுதான் படுது. என் ஆதங்கம் வேற. மசாஜ் பத்தி நம்ம ஊர்ல நடக்கற பொதுச் சண்டை எல்லாமே ஒழுக்கம், ரெய்டு, கேமரா, கதவுக்குத் தாழ்ப்பாள் பத்தினது. மேசையில படுத்திருக்கறவருக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஓடுதா, சர்க்கரை இருக்கா, கால் வீங்கியிருக்கா? இதைப் பத்தி ஒரு விவாதம் டி.வி.யில பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததில்ல.

14/
மெனு கார்டுல இருக்கற வாக்குறுதிகளைப் பாருங்க. "நச்சுகளை வெளியேற்றும்." எந்த நச்சு? பேர் சொல்லுங்க. உடம்புக் கழிவை வெளியேத்த கல்லீரலும் சிறுநீரகமும் ராத்திரி பகலா வேலை பார்க்குது, தோள்பட்டையைப் பிசைஞ்சா அது கூடுதலா வேலை செய்யாது. "தொப்பை கரையும்." கரையாது. "சுகர் கன்ட்ரோலுக்கு வரும்." இதை நம்பி மாத்திரையை நிறுத்தினவங்களை நான் வார்டுல பார்த்திருக்கேன்.

15/
ஃபுட் ரிஃப்ளெக்ஸாலஜி. சுவத்துல ஒரு பாதம் வரைஞ்ச சார்ட், அதுல கிட்னி, லிவர், இதயம். இது ஏதோ ஆதி கால சீன ரகசியம்னு நினைக்காதீங்க. இந்தப் பாத வரைபடத்தை 1930-கள்ல பரப்பினவர் யூனிஸ் இங்காம்ங்கற அமெரிக்கப் பெண்மணி. பாதத்தை அமுக்கினா சுகமா இருக்கும், தூக்கம் வரும். சந்தோஷம், பண்ணிக்கோங்க. ஆனா குதிகாலுக்கும் கிட்னிக்கும் அப்படி ஒரு ஒயர் கனெக்‌ஷன் உடம்புல கிடையாது.

16/
"ஸ்வீடிஷ்"னா சுவீடன்ல இருந்து வந்ததுன்னு நினைப்போம். அதுல சொல்ற தடவல், பிசைதல், தட்டல் முறைகளை வகைப்படுத்திப் பேர் வச்சவர்னு இப்ப பொதுவா சொல்லப்படறவர் நெதர்லாந்து டாக்டர் யோஹான் மெட்ஸ்கர், 19-ம் நூற்றாண்டுக்காரர். பேரே இப்படித்தான். போர்டுல இருக்கற பேரை வச்சு சிகிச்சை தேர்ந்தெடுக்கறது, லாட்ஜ் பேரு "தாஜ்"னு இருக்கறதால ஆக்ராவுல இருக்கோம்னு நினைக்கற மாதிரி.

17/
நம்ம சித்த மருத்துவத்துல இது தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல்னு ஒன்பது வகை சொல்லுவாங்க. இதுல கவனிங்க: எல்லாமே கை என்ன செய்யுதுங்கற பேரு. ஊர் பேரு இல்ல, பேக்கேஜ் பேரு இல்ல. முறையா படிச்ச சித்த மருத்துவர் நாடி பார்த்து, நோயைக் கேட்டு, அப்புறம்தான் எந்தக் கை வேலைன்னு முடிவு பண்ணுவார். நான் கேக்கறதும் அதே வரிசையைத்தான்.

18/
அதனால "அலோபதிக்காரன் எல்லாத்தையும் எதிர்ப்பான்"னு கமெண்ட் போட வர்றவங்க கொஞ்சம் நில்லுங்க. மசாஜ்ல பலன் இருக்கு. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல வெளியிட்ட வழிகாட்டியில, செய்யலாம்னு சொன்ன சிகிச்சைகள்ல மசாஜும் ஒண்ணு, நிபந்தனையோட. அதே வழிகாட்டி வழக்கமா செய்ய வேண்டாம்னு சொன்னது எதைத் தெரியுமா? இடுப்பு பெல்ட், ட்ராக்‌ஷன். நாங்க ஓ.பி.யில தாராளமா எழுதிக் கொடுக்கற அயிட்டங்கள்!

19/
ஆனா மசாஜ் தர்ற நிம்மதி பெரும்பாலும் தற்காலிகம். வலி குறையற அந்த ரெண்டு மூணு நாள்ல நடக்கணும், பயிற்சி செய்யணும், உக்கார்ற விதத்தை மாத்தணும். அதைச் செய்யாம ஞாயித்துக்கிழமை தோறும் போய்ப் படுத்துக்கிட்டா, உங்க முதுகு சரியாகாது, அவங்க பேக்கேஜ்தான் புதுப்பிக்கப்படும்.

20/
முதுகு வலின்னு சொன்ன தம்பி, இதைப் படிங்க. முதுகு வலியோட காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறையறது இருந்தா, முதுகெலும்பு டி.பி.யான்னு பாக்கணும். நம்ம நாட்டுல இது அபூர்வம் இல்ல. கால் மரத்துப் போச்சு, ஒண்ணுக்கு வரமாட்டேங்குது, உக்கார்ற இடத்துல உணர்ச்சி இல்லைன்னா அது எமர்ஜென்சி, ஆபரேஷன்ல ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். புற்றுநோய் வந்து போனவருக்குப் புதுசா முதுகு வலின்னா முதல்ல ஸ்கேன். இந்த மூணுலயும் முதுகுல ஏறி மிதிக்க விட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

21/
சலூன்ல முடி வெட்டி முடிச்சதும் தலையைப் பிடிச்சு ரெண்டு பக்கமும் சடக்குன்னு ஒரு திருப்பு. சொடக்கு சத்தம் கேட்டா திருப்தி. 2017-ல டெல்லி பக்கத்துல 54 வயசுக்காரர் ஒருத்தருக்கு இந்தத் திருப்புதான் வினையாச்சு. உதரவிதானத்தை இயக்கற நரம்பு செயலிழந்து, மூச்சு விட மெஷின் உதவி தேவைப்பட்டுச்சு. கழுத்து ரத்தக்குழாயோட உள்சுவர் கிழிஞ்சு பக்கவாதம் வந்த கேஸ்களும் மருத்துவ உலகத்துல பதிவாகியிருக்கு. "அண்ணே, கழுத்து மட்டும் வேண்டாம்"னு சொல்ல வெட்கப்படாதீங்க.

22/
பக்கவாதம்னு சொன்னதும் ஞாபகம் வருது. வாய் கோணி, ஒரு கை தூக்க முடியாம, பேச்சு குழறினா, கை காலைத் தேய்ச்சு விடறது, புறா ரத்தம் பூசறது இன்னும் நடக்குது. ரத்தக்கட்டியைக் கரைக்கற ஊசி போட எங்களுக்கு இருக்கற நேரம் அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரம். நீங்க எண்ணெய் காய்ச்சற ஒவ்வொரு நிமிஷமும் அந்தக் கணக்குல கழியுது. 108 கூப்பிடுங்க. தேய்க்கறதெல்லாம் அப்புறம், பிசியோதெரபிஸ்ட் சொல்ற மாதிரி.

23/
குழந்தைங்க. மெதுவா எண்ணெய் தடவிக் குளிப்பாட்டுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. அந்தத் தொடுதல் நல்லது. ஆனா மூக்குலயும் காதுலயும் எண்ணெய் விட்டு ஊதாதீங்க. மூக்குல போன எண்ணெய் நுரையீரலுக்குள்ள இறங்கி நிமோனியா ஆகும். "உரம் விழுந்துடுச்சு"ன்னு துணியில போட்டு உருட்டாதீங்க, தலைகீழா பிடிச்சு உலுக்காதீங்க. அந்தக் கழுத்துக்கு இன்னும் பலம் வரல, உள்ள மூளை ஆடும்.

24/
"குடல் ஏறிடுச்சு, வயித்தைத் தட்டணும்"னு கூட்டிட்டுப் போற பிள்ளைக்கு இருக்கறது குடல்வால் அழற்சியா இருக்கலாம். தொப்புளைச் சுத்தி ஆரம்பிச்ச வலி வலது அடிவயித்துக்கு நகர்ந்து, காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தா வயித்துல யாரும் கை வச்சு அழுத்தக் கூடாது. நேரம் தப்பி, குடல்வால் உடைஞ்சு, வயிறு முழுக்க சீழோட வர்ற பிள்ளைங்களை ஆபரேஷன் தியேட்டர்ல பார்த்தவன் சொல்றேன்.

25/
சர்க்கரை நோயாளிகள். பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருந்தா, சூடான எண்ணெய், கிழி ஒத்தடம், வைப்ரேஷன் மெஷின் எல்லாம் ஆபத்து. சுடுதுன்னு கால் சொல்லாது. கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணு சொல்லும். அந்தக் கொப்புளம் புண்ணாகி, விரலை எடுக்கற வரைக்கும் போகும். மால்ல காசு போட்டா கால் அமுக்கற மெஷினுக்குள்ள அப்பா காலை விடறதுக்கு முன்னாடி அவர் பாதத்தைத் திருப்பி ஒரு தடவை பாருங்க.

26/
வயசான பெண்கள். எலும்பு தேய்ஞ்சு மெலிஞ்சிருக்கும். டீப் டிஷ்யூ மாதிரி முழங்கை வச்சு அழுத்தற வேலையில விலா எலும்பு விரியலாம். வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கு அழுத்தின இடத்துல உள்ளுக்குள்ள ரத்தம் கட்டும். இதயத்துல செயற்கை வால்வு வச்சவங்க பலர் இந்த மாத்திரையிலதான் இருக்காங்க. கவுன்ட்டர்ல யாராவது கேட்டாங்களா?

27/
இப்ப என் ஆளுங்க பக்கம். ஜனங்க ஏன் சுளுக்கு எடுக்கறவர்கிட்ட போறாங்க? அறியாமைன்னு சொல்லிட்டுப் போறது எங்களுக்கு வசதி. உண்மை என்னன்னா, அவர் தொடறார். எங்க வலிக்குதுன்னு கேட்டு, விரலால தேடி, "இங்கதான?"ன்னு கேக்கறார். அரை மணி நேரம் அந்த உடம்போட இருக்கார். நாங்க? "எங்கம்மா வலி, எத்தனை நாளா, சரி, ஊசி போட்டுக்கோங்க." நிமிர்ந்து பாக்கறதுக்குள்ள அடுத்த டோக்கன்.

28/
ஒரு பெரியவர் இருக்கார், சுளுக்கு எடுக்கறவர். பேரும் இடமும் சொல்லல. மேல சொன்ன சம்பவம் நடந்து ஒரு வருஷம் இருக்கும். ஒரு லோடுமேன் ஓ.பி.க்கு வந்தார். "என்னண்ணே?"ன்னு கேட்டேன். "அந்த அய்யா காலைத் தொட்டுப் பார்த்தாரு சார். 'ஒரு கால் மட்டும் கனமா இருக்கு, சுடுது, இது என் கைக்கு வேலை இல்ல, பெரியாஸ்பத்திரிக்குப் போ'ன்னுட்டாரு. காசும் வாங்கல."

29/
டாப்ளர் பண்ணோம். தொடை வரைக்கும் கட்டி. அந்தப் பெரியவர் பள்ளிக்கூடம் எத்தனை வருஷம் போனார்னு எனக்குத் தெரியாது. நான் அஞ்சரை வருஷம் எம்.பி.பி.எஸ். படிச்சவன். நான் பார்க்காம அனுப்பினதை அவர் தொட்டுக் கண்டுபிடிச்சார். அன்னிக்கு ராத்திரி வண்டியில வீட்டுக்கு வரும்போது தென்னூர் மேம்பாலத்துல அந்தப் பன்னிரண்டு நாள் தாயோட முகம்தான் ஞாபகம் வந்துச்சு. இப்பவும் வரும்.

30/
அதனால நல்ல மசாஜ்காரர் யாருன்னு கேட்டா என் பதில்: "உங்களுக்கு நான் பண்ண மாட்டேன், முதல்ல டாக்டரைப் பாருங்க"ன்னு எப்பவாவது சொன்னவர். அவர் ஏ.சி. ரூம்ல இருக்கலாம், திண்ணையில இருக்கலாம். வர்ற எல்லாரையும் படுக்க வைக்கறவர்கிட்ட எத்தனை சர்டிபிகேட் மாட்டியிருந்தாலும் எழுந்து வந்துடுங்க.

31/
சரி, வாக்கு கொடுத்த பதில். மேல சொன்ன ஆபத்து எதுவும் இல்லைன்னா:
- மன அழுத்தம், தூக்கமின்மை, உடம்பு அசதி: மிதமான அழுத்தத்துல தடவி விடற எதுவும் சரி. ஸ்வீடிஷ்னு சொன்னாலும் அப்யங்கம்னு சொன்னாலும்.
- கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து கழுத்து, தோள் இறுக்கம்: தோள், மேல்முதுகுத் தசைக்கு மட்டும். கழுத்தைத் திருப்பக் கூடாது.
- உடம்பு வளையாத பிரச்சினை: தாய் மசாஜ் மாதிரி இழுத்து நீட்டற முறை. மூட்டு மாற்று ஆபரேஷன், டிஸ்க் பிரச்சினை, எலும்பு மெலிவு இருந்தா வேண்டாம்.

32/
- மூட்டை தூக்கறவங்க, நாளெல்லாம் நின்னு வேலை பாக்கறவங்க: கொஞ்சம் அழுத்தமான பிடி உதவலாம். ஆனா மறுநாள் கன்னிப்போற அளவுக்கு வேண்டாம். வலிச்சாத்தான் வேலை செய்யுதுங்கறது பொய்.
- கர்ப்பிணிகள்: உங்க மகப்பேறு டாக்டரைக் கேட்டுட்டு, பக்கவாட்டுல படுத்து, மென்மையா. கெண்டைக்கால்ல அழுத்தம் கூடாது.
- பக்கவாதம் வந்து தேறினவங்க, ஆபரேஷன் ஆனவங்க: மசாஜ் சென்டர் இல்ல, பிசியோதெரபிஸ்ட்.

33/
யோசிச்சா இன்னொரு அநியாயமும் தெரியும். உண்மையிலேயே உடம்பு நோகறது யாருக்கு? காந்தி மார்க்கெட்ல விடியக்காலையில மூட்டை இறக்கறவங்களுக்கு, நம்ம தென்னூர் உழவர் சந்தைக்குக் காய்க்கூடை தூக்கிட்டு வர்ற அக்காங்களுக்கு. ஒரு மணி நேர ஸ்பா கட்டணம் அவங்க ரெண்டு மூணு நாள் கூலி. அவங்களுக்குக் கிடைக்கறது வலி ஊசியும் மாத்திரையும். வருஷக்கணக்கா வலி மாத்திரை தின்னு கிட்னி கெட்டு டயாலிசிஸ்ல வந்து நிக்கறவங்க எங்க வார்டுல இருக்காங்க.

34/
அரசாங்கத்துல வழியே இல்லையா? இருக்கு, பயன்படுத்துங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிரஷர், சுகர் மாத்திரை மட்டும் இல்ல, வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கறதும் உண்டு. பல அரசு மருத்துவமனைகள்ல சித்தா பிரிவும் இருக்கு. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, 104-க்குப் போன் பண்ணிக் கேளுங்க. "பிசியோதெரபிஸ்ட் எப்ப வருவார்?"னு சத்தமா கேளுங்க. கேட்டாத்தான் பணியிடம் பெருகும்.

35/
ஸ்பா நடத்தறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். கவுன்ட்டர்ல பேக்கேஜ் கார்டுக்குப் பக்கத்துல தமிழ்ல ஆறு கேள்வி வைங்க. சமீபத்துல ஆபரேஷன், பிரசவம், மாவுக்கட்டு? ஒரு கால் மட்டும் வீக்கமா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரையா? சர்க்கரை, காலில் மரமரப்பா? காய்ச்சல், எடை குறைவா? புற்றுநோய், எலும்பு மெலிவா? ஒண்ணுக்கு "ஆமா"ன்னாலும் டாக்டரைக் கேட்டுட்டு வரச் சொல்லுங்க. ஒரு வாடிக்கையாளர் திரும்பிப் போவார். அவர் வீட்டுல பத்து பேர் உங்களை நம்புவாங்க.

36/
டாக்டர் நண்பர்களுக்கு: காலைத் தொடுங்க. அவ்வளவுதான். பிரசவம் ஆனவங்க கால் வலின்னு சொன்னா, டோக்கன் எத்தனை இருந்தாலும் சேலையை விலக்கச் சொல்லி ரெண்டு கெண்டைக்காலையும் பாருங்க. கூட்டத்தை நான் காரணமா சொன்னேன். கூட்டம் உண்மைதான். ஆனா அந்தப் பொண்ணோட நுரையீரலுக்குப் போன கட்டிக்குக் கூட்டம் எத்தனைன்னு தெரியாது.

37/
"எங்க பாட்டி காலத்துல இருந்து நீவறோம், ஒண்ணும் ஆகல"ன்னு சொல்றவங்களுக்குக் கடைசியா. உங்க பாட்டி காலத்துல பிரசவமான பொண்ணு திடீர்னு மூச்சு வாங்கி செத்தா, காத்து கருப்பு அடிச்சிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. யாரும் நெஞ்சைத் திறந்து பார்க்கல. ஒண்ணும் ஆகலைன்னு இல்ல, என்ன ஆச்சுன்னு தெரியல. பாட்டியோட கையை நான் குறை சொல்லல. அந்தக் கைக்குச் சேர வேண்டிய ஒரு தகவலை நாம கொடுக்கல.

38/
அந்தத் தகவலை இன்னிக்கு ராத்திரி உங்க வீட்டுல சொல்லுங்க. வாட்ஸ்அப்ல போடறதை விட, குளிப்பாட்ட வர்ற பாட்டிகிட்ட, சலூன் அண்ணன்கிட்ட, சுளுக்கு எடுக்கற அய்யாகிட்ட நேர்ல சொல்லுங்க: "ஒரு கால் மட்டும் வீங்கி, சுட்டு, வலிச்சா நீவக் கூடாது. ஆஸ்பத்திரி." முதுகு வலி தம்பி, நாளைக்குக் காலையில ஓ.பி.க்கு வாங்க. மெனு கார்டு வேண்டாம். தொட்டுப் பார்த்துட்டு சொல்றேன்.